பாயிண்ட் ஒன்பதுக்காரர்

எங்கள் செஸ் கிளப்பில் அவருக்கு ஒரே பெயர்தான்: பாயிண்ட். வயதில் சிறியவர்கள் பாயிண்ட் அண்ணன் என்பார்கள். அவரும் அந்தப் பெயருக்கே தலையைத் திருப்பிப் பழகிவிட்டார்.

தொழிலில் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பழைய கட்டடங்களில் முக்கால்வாசி லிஃப்ட்டுகள் அவர் தயவில்தான் ஏறி இறங்குகின்றன. ஆறடி உயரம். லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று இருட்டுக்குள் வேலை செய்து செய்து, தலைக்கு மேல் கூரை இருந்தாலே கொஞ்சம் குனிந்து நடப்பார். எங்கள் கிளப் அறையின் கூரை அவருக்கு எட்டாத உயரம். அங்கேயும் குனிந்துதான் வருவார்.

நகரக் கிளப்புகளுக்குள் வருடந்தோறும் நடக்கும் போட்டியில் ஓர் அணிக்கு நான்கு பலகைகள். எங்கள் முதல் பலகையில் கேப்டன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மூன்றாவதில் நான். நான்காவதில் பாயிண்ட். பக்கத்துப் பலகை என்பதால் அவர் பட்ட பாட்டை ஓரக்கண்ணால் நானே பார்த்திருக்கிறேன். மிச்சத்தை அவரும் அவர் மனைவியும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருவர் சொல்வதிலும் ஒத்துப்போவதை மட்டும் நம்புவது என் வழக்கம்.

அந்தப் பெயர் வந்த கதை இது. ஒரு வருடம் அவர் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அதில் செஸ் இன்ஜின் போட்டுக்கொண்டார். பலகையில் காய்கள் எப்படி நின்றாலும் அந்த நிலைக்கு அது ஓர் எண் கொடுக்கும். வெள்ளைக்குச் சாதகம் என்றால் கூட்டல், கறுப்புக்குச் சாதகம் என்றால் கழித்தல். ஒன்று என்றால் ஒரு சிப்பாய் கூடுதலாகக் கையில் இருப்பதற்குச் சமம். அதைக் கேட்டுக் கேட்டு, வெள்ளைக்காய்க்கு ஒரு தொடக்கத்தை நகர்த்தல் நகர்த்தலாக மனப்பாடம் செய்தார். வேலை நேரத்திலும் வாய் ஓயாது. ஒரு குடியிருப்பில் நாலாவது மாடிக்காரர் சுவருக்குள்ளிருந்து யாரோ "குதிரை எஃப் மூணு, பிஷப் சி நாலு" என்று முனகுவதைக் கேட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டுவிட்டாராம்.

அந்தத் தொடக்கத்தைப் பன்னிரண்டு நகர்த்தல் வரை பிசகில்லாமல் ஆடி முடித்தால் இன்ஜின் காட்டும் எண் பாயிண்ட் ஒன்பது. கிட்டத்தட்ட ஒரு முழுச் சிப்பாய் முன்னிலை. அவரும் முடித்தார். முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டி, எதிராளியைப் பரிதாபமாகப் பார்த்தார். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். யானையைப் பக்கத்தில் வைத்தார், திரும்ப எடுத்தார். எதிராளி மெல்ல மூச்சு வாங்கி, காய்களைச் சரிசெய்து, முப்பதாவது நகர்த்தலில் அவருடைய ராஜாவைக் கட்டிப்போட்டுவிட்டார்.

"ஆனா பன்னெண்டாவது நகர்த்தல்ல எனக்கு பாயிண்ட் ஒன்பது இருந்துச்சு" என்றார் வெளியே வந்து.

அடுத்த ஆட்டத்திலும் அதே தொடக்கம், அதே சாய்வு, அதே தோல்வி, அதே வாக்கியம். மூன்றாவது தடவை அவர் வாயைத் திறக்கும் முன்பே கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "தெரியும். பாயிண்ட் ஒன்பது." அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அவர் ஒன்றும் மோசமான ஆட்டக்காரர் இல்லை. பாதி ஜெயிப்பார், பாதி தோற்பார், இரண்டுக்கும் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவியின் தம்பியோடு ஆடுவார். அந்த மச்சான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருப்பவர். ஊசி குத்துவது தெரியாமல் குத்துவார் என்று பெயர். செஸ்ஸிலும் அப்படித்தான். கம்ப்யூட்டர் வந்தபின் பாயிண்ட் மச்சானோடு ஆடுவதையே நிறுத்திவிட்டார். அந்த ஆளுடைய ஆட்டத்துக்கு இன்ஜின் மதிப்பே கொடுப்பதில்லையாம்.

திருப்பம் வந்தது அந்தக் கம்ப்யூட்டரின் இரைச்சலால். வீடு மாடியில், இரண்டே அறை. கீழே அவர் மனைவி நடத்தும் சலூன்; இரண்டு சுழல் நாற்காலி, சுவர் நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. கம்ப்யூட்டரோ படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில். இன்ஜின் யோசிக்கும்போதெல்லாம் அதன் காற்றாடி விமானம் கிளம்புவதுபோல் ஊளையிடும். ஒருநாள் அவர் மனைவி, ஒன்று அது இங்கே இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்றார். பாயிண்ட் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். அதை இன்றுவரை அந்த அம்மா மறக்கவில்லை. அரைமணி நேரத்தில் கம்ப்யூட்டர் சலூனின் கல்லா மேசைக்கு இறங்கியது. ஹேர் டிரையர் சத்தத்தில் அதன் சத்தம் யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் அதை நிறுத்த மறந்துவிட்டார். திரையில் அவருடைய அந்தப் பன்னிரண்டாவது நகர்த்தல் நிலை. இன்ஜின் பகல் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தது. முடி வெட்டும் இடைவெளிகளில் அவர் மனைவி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். சாயங்காலம் கணவர் உள்ளே நுழைந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"ஏங்க, இது காலைல பாயிண்ட் ஒன்பதுன்னுச்சு. மத்தியானம் பாயிண்ட் ஆறு. இப்ப பாயிண்ட் மூணு. உங்க குடும்பத்து ஆளுங்க மாதிரியே பேச்சை மாத்துதே."

பாயிண்ட் திரையைப் பார்த்தார். பாயிண்ட் மூன்றுதான். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையும் பார்த்துக்கொண்டார். சீசன் முழுக்க அவர் நம்பியிருந்தது, அது முதல் அரை நிமிடத்தில் சொன்ன எண்ணை. ஒரு நாள் பொழுது யோசித்தபின் அதுவே தன் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கை வாபஸ் வாங்கியிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், அந்த எண் எதைக் காட்டுகிறது என்று கேட்டார். வெள்ளைக்கு நன்றாக இருக்கிறது என்று காட்டுகிறது என்று பாயிண்ட் விளக்கினார். அவர் மனைவி வெட்டிய முடியைத் தட்டிவிட்டுக் கேட்டார்:

"நல்லா இருக்குன்னா, யாருக்கு நல்லா இருக்கு? அதுக்கா, உங்களுக்கா?"

பாயிண்ட் மாடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார், போனை எடுத்தார், மச்சானைக் கூப்பிட்டார். மாதக்கணக்கில் ஆடாமல் இருந்ததற்குக் குத்திக்காட்டுவார் என்று பயந்தாராம். மச்சான் குத்திக்காட்டத்தான் செய்தார், ஆனால் வந்துவிட்டார்.

பெஞ்சில் பலகையை வைத்து, அந்தப் பன்னிரண்டாவது நகர்த்தல் நிலையை அடுக்கினார்கள். பாயிண்ட் வெள்ளை, மச்சான் கறுப்பு. மச்சான் ஜெயித்தார். சரி, பக்கத்தை மாற்றலாம் என்றார் பாயிண்ட். இப்போது மச்சான் வெள்ளை. மறுபடியும் மச்சானே ஜெயித்தார். இன்னும் ஒரு சுற்று. அப்போதும் அதேதான். கடை சாத்தும் நேரமாகியும் போகாமல் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். பாயிண்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடத்தில் ஒரு தோல்விக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவர் மனைவி சொன்னார். இதில் இருவர் பேச்சும் ஒத்துப்போகிறது.

அதன்பிறகு சலூன் பெஞ்சு ஒரு பரிசோதனைக் கூடமாகவே ஆகிவிட்டது. இன்ஜின் ஒரு நிலையைப் பற்றி என்ன சொன்னாலும், அதைப் பலகையில் வைத்து மனிதர்களை ஆடவிட்டுப் பார்ப்பார். தாடி ஒதுக்க வந்தவர், முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு அது காயக் காத்திருக்கும் அம்மா, காய்களை நகர்த்தத் தெரிந்த யாராக இருந்தாலும் சரி. சாயம் பூசிய அம்மாக்கள்தான் நல்ல ஆட்டக்காரர்கள், எழுந்து ஓட முடியாது என்பார் பாயிண்ட்.

ஆடவிட்டுப் பார்த்ததில் அவருக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. இன்ஜினிடம் ஒரு நிலையைக் கேட்டுவிட்டு அத்தோடு நிற்கக் கூடாது. அது காட்டும் வழியில் நாலைந்து நகர்த்தல் உள்ளே போய், அங்கே நின்று மறுபடி கேட்க வேண்டும். சில சமயம் அங்கே அது வேறு கதை சொல்லும். இன்னொன்று, சிறந்த நகர்த்தல் எது என்று மட்டும் பார்த்தால் போதாது. இரண்டாவது சிறந்ததற்கு என்ன எண் என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அந்தப் பக்கம் ஆடுவது சுலபம், எதை ஆடினாலும் பிழைத்துக்கொள்ளலாம். முதல் நகர்த்தல் மட்டும் சரி, மற்றதெல்லாம் படுகுழி என்றால், எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். பாயிண்ட் ஒன்பது தொடக்கம் அந்த ரகம். இன்ஜினுக்குக் கண் கட்டு கிடையாது.

இப்படிச் சொன்னால் அவர் உடனே ஞானியாகிவிட்டார் என்று தோன்றும். அதுதான் இல்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவினார்.

மச்சானிடம் ஒரு வித்தை இருந்தது. தொடக்கத்திலேயே குதிரையைக் கொடுத்து எதிராளியின் ராஜாவை நடுப் பலகைக்கு இழுப்பது. சலூனில் அதற்குத் தப்பியவர் யாரும் இல்லை. இன்ஜின் மட்டும் முகம் சுளித்தது: வெள்ளைக்குக் கழித்தல் இரண்டு. பகலெல்லாம் ஓடவிட்டாலும் அதே கழித்தல் இரண்டு, சாயங்காலம் இரண்டரை. இந்தப் பெட்டிக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, அடுத்த போட்டியில் ஒரு தபால்காரருக்கு எதிராகப் பாயிண்ட் அதை ஆடினார். தபால்காரர் குதிரையை எடுத்துக்கொண்டார். ராஜாவை இரண்டு கட்டம் நடத்திப் பத்திரமான மூலையில் வைத்தார். பிறகு எழுந்துபோய்க் காபி வாங்கிவந்து நிதானமாகக் குடித்தார். இருபதாவது நகர்த்தலில் பாயிண்ட் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார். பக்கத்துப் பலகையிலிருந்த எனக்குக் காபி வாசனைதான் ஞாபகம்.

ஞாயிற்றுக்கிழமை சலூனில் அவர் உம்மென்று உட்கார்ந்திருந்தார். நம்பினாலும் அடி, நம்பாவிட்டாலும் அடி என்றால் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று புலம்பினார். மச்சான் காய்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"மாமா, எங்ககிட்ட ரத்தம் குடுக்க வர்றவங்களுக்கு சர்க்கரை நானூறுன்னு வந்தா, உடனே டாக்டர்கிட்ட ஓடுங்கன்னு சொல்லுவோம். நூத்திஅஞ்சு, நூத்திஏழுன்னு வந்தா, சாப்பிட்டீங்களா, நல்லா தூங்குனீங்களா, இன்னொரு தடவை எடுத்துப் பாக்கலாமான்னு கேப்போம். நீங்க நூத்திஅஞ்சுக்கு ஓடுறீங்க, நானூறுக்கு கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கீங்க."

பாயிண்ட் பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, இவ்வளவு தெரிந்தவன் அந்தக் குதிரை வித்தையை எனக்கு ஏன் காட்டினாய் என்று கேட்டார். ஆட ஜாலியாக இருக்கும், உங்களோடு ஆடத்தான் காட்டினேன், தபால்காரரோடு ஆடச் சொன்னேனா என்றார் மச்சான்.

அந்த சீசனின் கடைசிப் போட்டிக்கு அவர் தயாரானது அந்தப் பெஞ்சில்தான். எடுத்துக்கொண்டது வேறொரு தொடக்கம். நாலாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயை இனாமாகக் கொடுத்துவிட்டு, காய்களை வேகமாக வெளியே கொண்டுவருவது. இன்ஜின் முதலில் கழித்தல் பாயிண்ட் ஆறு என்றது. பகல் முழுக்க ஓடவிட்டால் கழித்தல் பாயிண்ட் ஒன்று. அதாவது ஏறத்தாழச் சமம். ஆனால் அந்தச் சமத்துக்குக் கறுப்பு ஒரு விலை கொடுக்க வேண்டும்: பதினோராவது நகர்த்தலில், வெளியே வந்து நிற்கும் குதிரையைக் கிளம்பிய இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மற்ற எதை ஆடினாலும் கஷ்டம். சலூனில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கிளம்பிய குதிரையை வாசலோடு திருப்பி அனுப்ப யாருக்கு மனசு வரும்? மச்சானுக்கே வரவில்லை. மச்சான் கறுப்பாக ஆடி மூன்று தடவை தோற்ற அன்று பாயிண்ட் படியேறிப் போகும்போது பாடிக்கொண்டு போனார். அவர் குரல் பாட்டுக்கு ஆனதல்ல.

கடைசிப் போட்டியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் ஒரு பல் டாக்டர். அந்த வருடம் நாலாம் பலகையில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத பெண்மணி. காய்களை நகர்த்தும்போதும் விரல் நடுங்காது, வலிக்காது என்று சொல்லிவிட்டு எடுப்பதுபோல் எடுப்பார். முதல் பத்து நகர்த்தலும் சரசரவென்று போயின. நாலாவதில் பாயிண்ட் கொடுத்த சிப்பாயைப் பல் டாக்டர் தயங்காமல் எடுத்துக்கொண்டார். பதினோராவதில் ஆட்டம் நின்றது.

பல் டாக்டர் யோசித்தார். கடிகாரத்தில் அவருடைய நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. என் ஆட்டத்தை மறந்துவிட்டு நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அவர் கை அந்தக் குதிரைக்கு மேல் போய் நின்றது. கை நகர்ந்தது. யாரும் செய்யக்கூடியதை அவரும் செய்தார்: ராஜாவை ஓரத்துக்கு நகர்த்தி யானையை உள்ளே கொண்டுவந்து கோட்டை கட்டினார். பார்க்க எவ்வளவோ பத்திரமாக இருந்தது.

பாயிண்ட் இந்தத் தடவை சாயவில்லை, கை கட்டவில்லை. மேசைமேல் குனிந்தார். அங்கிருந்து என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு எந்த எண்ணையும் நம்பித் தெரிந்ததல்ல. தாடிக்காரரோடும் சாய அம்மாக்களோடும் அந்த நிலையில் இரண்டு பக்கமும் ஆடி, அடி வாங்கி, அடி கொடுத்துத் தெரிந்தது. கொடுத்த சிப்பாய் இருந்த வரிசை காலியாகத் திறந்து கிடந்தது. அதில் ஒரு யானை வந்தது, பின்னாலேயே இன்னொன்று. பிஷப் கோட்டைச் சுவரின் ஒரு சிப்பாயைத் தகர்த்தது. ராணி உள்ளே நுழைந்தது. நடுவில் ஓரிடத்தில் அவர் தவறு செய்தார், எனக்கே தெரிந்தது. ஆனால் அதற்குள் பல் டாக்டரிடம் நேரம் குறைந்திருந்தது, அவரும் ஒரு தவறு செய்தார். முப்பத்தைந்து நகர்த்தல் இருக்கும். அந்த அம்மா ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

வெளியே வராந்தாவில் இருவரும் பேசிக்கொண்டு நின்றார்கள். பல் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. அந்தச் சிப்பாயை எடுத்துக்கோ, உனக்கு பாயிண்ட் ஆறுன்னுச்சு. எடுத்துக்கிட்டேன். அப்புறம் என்ன பண்றதுன்னு அதுகிட்ட நான் கேக்கவே இல்ல."

பாயிண்ட் இதற்கு ஏதாவது கெட்டிக்காரத்தனமாகச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது, "எனக்கு இது பழைய வியாதிங்க. வாங்க, ஐஸ்கிரீம் சாப்பிடலாம்."

எங்கள் அணி அன்று தோற்றுப்போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற மூன்று பலகையிலும் நாங்கள் தோற்றோம். என் ஆட்டத்தில் நான் கவனம் வைக்காததும் ஒரு காரணம். பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம். ஆனால் பாயிண்ட் இரண்டு அணிக்கும், போட்டி நடத்தியவர்களுக்கும், கதவைப் பூட்டக் காத்திருந்த காவலாளிக்கும் சேர்த்து ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். அணியே மண்ணைக் கவ்வியிருக்கிறது, இந்த மனுஷன் ஊருக்கே விருந்து வைக்கிறார் என்று கேப்டன் முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே இரண்டு சாப்பிட்டார்.

வெயில் நேரம். கட்டடத்துப் படிகளில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பாயிண்ட் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை காவலாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். காவலாளிக்குச் செஸ் தெரியாது. நன்றாகத் தலையாட்டினார்.

அதன்பிறகு பாயிண்ட் பெரிய ஆட்டக்காரராகிவிடவில்லை. பழையபடி பாதி ஜெயிக்கிறார், பாதி தோற்கிறார். இன்ஜினோடு அவருக்குச் சண்டையும் இல்லை, பக்தியும் இல்லை. குதிரை போகும், ராணி போகும் என்று அது சொன்னால் மறுபேச்சு பேசாமல் கேட்டுக்கொள்கிறார். பாயிண்ட் இரண்டு, பாயிண்ட் மூன்று என்று சொன்னால், ஆகட்டும் பார்ப்போம் என்று பெஞ்சுக்குப் போகிறார். பல் டாக்டர் மாதம் ஒருமுறை சலூனுக்கு வருகிறார். முடி வெட்டிக்கொள்வதற்கு என்று சொல்லிக்கொள்கிறார். இப்போதெல்லாம் அவருக்கு வெட்ட முடியே மிச்சமில்லை.

போன வருடம் ஒரு போட்டியன்று காலை எங்கள் இரண்டாம் பலகைக்காரருக்குக் காய்ச்சல். ஆள் குறைகிறது, யாராவது நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்று கேப்டன் போன் செய்தார். போனை எடுத்தது பாயிண்டின் மனைவி. நான் வருகிறேன் என்றாராம். பாயிண்ட் பதறிவிட்டார். அவர் மனைவி அதுவரை ஒரு முழு ஆட்டம்கூட ஆடியதில்லை என்று அவர் நினைத்திருந்தார். கடை காலியாக இருக்கும் மத்தியானங்களில் சாய அம்மாக்களோடு அவர் ஆடிவந்தது கணவருக்குத் தெரியாது.

நானும் பாயிண்டும் ஒரு பலகை ஏறி ஆடியதால் அந்த அம்மா நாலாவது. முதல் மூன்று நகர்த்தலில் அவர் தள்ளியது இரண்டு ஓரத்துச் சிப்பாய்களை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாயிண்டின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இன்ஜின் அதைப் பார்த்தால் என்ன சொல்லும் என்பது எங்கள் நாலு பேருக்குமே தெரியும். ஆனால் எதிரே இருந்த கல்லூரி மாணவருக்கு அப்படி ஒன்றை யாரும் காட்டியதில்லை. இரண்டரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் ஜெயித்தது அந்த மாணவர்தான்.

பாயிண்ட் தன் ஆட்டத்தை முன்பே முடித்துவிட்டு, வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மனைவி வெளியே வந்தபோது முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வியர்வை. கண்கள் மட்டும் ஜொலித்தன.

"தோத்துட்டேன். அடுத்த ஆட்டம் எப்ப?"

அவர் தேதியைச் சொன்னார். அன்றைக்கு மூன்று பேருக்கு முடி வெட்டுவதாகச் சொல்லியிருக்கிறேனே என்று அந்த அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு போனை எடுத்து, அங்கேயே படியில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேறு நாளுக்கு மாற்ற ஆரம்பித்தார்.